ஹெல்மெட்டுக்குள் ஒரு செப்புத் தகடு

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு நகைக்கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் இடையே ஒடுங்கிய கதவு ஒன்று இருக்கிறது. உள்ளே மாடிப்படி. மேலே றொசாந்தியின் தையல் கடை. சாறி பிளவுஸ் தைக்க தேம்ஸ் ஆற்றின் அடுத்த கரையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். றொசாந்தி போடும் தையல் வெளியே தெரியாது. கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்தால், கிழிந்த இடம் எது என்று சொந்தக்காரியே தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கைத்திறன்தான் கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவரை நடுங்க வைத்தது.

அன்று காலை டொக்டர் பாமா அளவு பார்க்க வந்திருந்தார். மதுரைக்காரர்; ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. தங்கை மகளின் கல்யாணத்துக்குப் புது பிளவுஸ். றொசாந்தி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவருடைய முதுகுப் பக்கம் நின்றார்.

"எங்க உங்க பொண்ணைக் காணோம்? சனிக்கிழமைன்னா இங்கதானே புக்கைத் திறந்து வச்சுட்டு போன் பாத்துட்டு இருப்பா?"

"அவவுக்கு இண்டைக்கு மட்ச், டொக்டர். சட்டன் பக்கம் ஒரு ஸ்கூலிலை. லக்ரோஸ்."

"லக்ரோஸா? குச்சி நுனியில வலை கட்டி, பட்டாம்பூச்சி பிடிக்கிற மாதிரி ஓடுவாங்களே, அதுவா?"

"அதுதான். ஆனால் வலைக்குள்ளை வாறது பூச்சி இல்லை. றப்பர்க் கல்லு."

பாமா சிரித்தார். "என் மகன் வருணோட ஸ்கூல்ல அது கிடையாது. பையன்கள் ஸ்கூல், ரக்பியும் கிரிக்கெட்டும்தான். அவனோட கிளாஸுக்கு ஒரு பையன் அமெரிக்காலேருந்து வந்தான், பேஸ்பால் கையுறையோட. ஒரு டெர்ம் பூரா அதை மாட்டிக்கிட்டுத் தனியா செவுத்துல பந்தை அடிச்சுப் பிடிச்சுட்டு இருந்தானாம். பாவம். அப்புறம் ரக்பிக்குப் போயிட்டான்."

"எங்கடை பிள்ளையும் கையுறையோடைதான் இஞ்சை வந்தவ" என்றார் றொசாந்தி.

அது உண்மை. றொசாந்தியும் கணவர் சண்முகராசாவும் லண்டனுக்கு வருமுன் நெதர்லாந்தில், ஹார்லெம் நகரில் இருந்தவர்கள். ஐரோப்பாவில் பேஸ்போலை மனதார விரும்பும் இடங்கள் அதிகமில்லை. அந்த நகரம் அவற்றில் ஒன்று. அவர்கள் குடியிருந்த தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு கழகத்தின் மைதானம். மகள் தக்ஷிகா ஏழு வயதில் வேலியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து, யாரோ உள்ளே கூப்பிட்டார்கள். சில மாதங்களில் அவள் கேட்சர் ஆனாள். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து, நேரே வரும் பந்தைப் பிடிக்கிற வேலை. பெரிய பிள்ளைகளே விரும்பாத இடம்.

பிரெக்சிட் கதவு மூடுவதற்கு முன் குடும்பம் லண்டனுக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து, தக்ஷிகா பரீட்சை எழுதி, கட்டணச் சலுகையுடன் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாள் பையில் அந்தக் கையுறையையும் வைத்துக்கொண்டு போனாள். விளையாட்டு ஆசிரியை மிஸ் ஹார்ட்லி அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். அழகான கையுறை, ஆனால் இங்கே இதற்கு வேலையில்லை என்றார்.

வேலை இல்லைத்தான். அந்தப் பள்ளியின் நடைகூடத்தில் நீளப் பாவாடை அணிந்த பெண்கள் லக்ரோஸ் குச்சியோடு நிற்கும் பழைய படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் லக்ரோஸ் அணி உண்டு. சில வகுப்புகளுக்கு இரண்டு. பேஸ்போலுக்கு மைதானம் இல்லை, மட்டை இல்லை, பந்து எறிய ஒரு துணையும் இல்லை. கோடை காலத்தில் கட்டையான மட்டையால் ரவுண்டர்ஸ் விளையாடுவார்கள். "அது பேஸ்போலின்ரை பேபி" என்று தக்ஷிகா அதைத் தள்ளிவிட்டாள்.

சண்முகராசா எலக்ட்ரீஷியன். எதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். "கிரிக்கெட் இருக்கிற வீட்டிலை பேஸ்போலுக்கு ஆர் கதிரை போட்டு இருத்துவினம்? லக்ரோஸ் வேறை கதை. அது இந்தப் பெரிய ஸ்கூல்காரிகளின்ரை பரம்பரைச் சாமான். தாய் விளையாடினவ, மகள் விளையாடுவா. நாங்கள் இடையிலை பூந்தனாங்கள்."

பூந்த இடம் கோல். மிஸ் ஹார்ட்லி கேட்டது ஒரே ஒரு கேள்வி: கேட்சராக இருந்தபோது, முகத்துக்கு நேரே பந்து வந்தால் கண்ணை மூடுவாயா? தக்ஷிகா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அடுத்த கிழமையே அவளுக்கு மார்புக் கவசமும் கனத்த கையுறைகளும் கம்பி முகமூடி வைத்த ஹெல்மெட்டும் கிடைத்தன. மற்றப் பெண்கள் யாருக்கும் ஹெல்மெட் இல்லை. அதை வைத்தே றொசாந்தி முடிவு கட்டிவிட்டார். ஒருவருக்கு மட்டும் ஹெல்மெட் கொடுக்கிறார்கள் என்றால், எல்லாப் பந்தும் அந்த ஒருவரைத்தான் குறிவைக்கிறது.

முதல் மட்சைப் பார்க்கப் போனார். ஒரு பந்து மகளின் தலைக்குப் பக்கத்தில் இருந்த கம்பத்தில் பட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டியவர், மட்ச் முடிந்து பிள்ளைகள் கைதட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தார். அதற்குப் பிறகு போகவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும், "அவளுக்குப் பயம் எண்டதே கிடையாது" என்று பெருமையும் புகாருமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பயத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அதற்கு மருந்தாக ஒரு செப்புத் தகடு இருந்தது. தீப்பெட்டியின் சிறிய பக்கத்தளவு. மந்திரம் எழுதி, பூசையில் வைத்து, ஹார்லெம் நாட்களில் கோயில் ஐயர் ஒருவர் கொடுத்தது. அப்போது அதை மகளின் பேஸ்போல் தொப்பி மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தார். ஒரு நாளும் பிள்ளையின் தலையில் பந்து படவில்லை. லண்டனில் அதை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டார். நடுவர் பெண்மணி கழற்றச் சொன்னார். விளையாடும்போது சங்கிலி, காப்பு, நூல், எதுவும் கூடாதாம்.

எனவே பயிற்சி இல்லாத ஒரு பகல், பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு, றொசாந்தி அந்த ஹெல்மெட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். இடது காதுக்கு மேலே இருந்த மெத்தையின் ஓரத்தைப் பிரித்தார். தகட்டை உள்ளே செருகினார். பழைய தையல் ஓட்டைகளுக்குள்ளேயே ஊசியை விட்டுத் தைத்து மூடினார். செய்த கம்பனிக்காரன் வந்து பார்த்தாலும் தெரியாது. கணவருக்கும் சொல்லவில்லை.

இதெல்லாம் பாமாவுக்குத் தெரியாது. அவர் கண்ணாடியில் தோள்பட்டையைப் பார்த்தபடி கேட்டார்: "கோல்ல நிக்கிறாளா? ஹெல்மெட் போடுறா இல்ல?"

"ஓம், போடுறா."

"அப்ப என்ன பயம்? நல்ல ஹெல்மெட்னா பந்தோட அடியைப் பரப்பிவிட்டுடும். ஆனா முடியை எப்படிக் கட்டுறான்னு மட்டும் பாருங்க. போன மாசம் எங்க வார்டுக்கு ஒரு பொண்ணு வந்தா. சைக்கிள்லேருந்து விழுந்தது. ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா உள்ள தலையில நண்டு மாதிரி இருக்குமே, பெரிய கிளிப், அதைப் போட்டிருந்தா. ஹெல்மெட் அழுத்தி அந்தக் கிளிப் மண்டைக்குள்ள இறங்கிடுச்சு."

றொசாந்தியின் கை நின்றது.

"உயிரோட இருக்கிறாவோ?"

"இருக்கா. வலது கைதான் இன்னும் வரல. ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவுல கடினமா ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்க. ஒரு காசுகூட. ஆ! குத்துறீங்க!"

றொசாந்தி வாயிலிருந்த ஊசிகளை மேசையில் துப்பினார்.

"டொக்டர், மன்னிக்கோணும். நான் போகோணும்."

"எங்க போறீங்க? உடம்பு பூரா ஊசியோட நிக்கிறேன்!"

"கடைத் திறப்பு மேசையிலை கிடக்கு. பூட்டிப்போட்டுக் கீழை மரக்கறிக் கடை அண்ணையிட்டைக் குடுங்கோ."

"உங்க கடைய நான் பூட்டணுமா?" என்று பாமா கேட்டது படிக்கட்டில் பாதி வழியில் கேட்டது.

ரயில் நிலையத்துக்கு ஓடும்போதே தக்ஷிகாவுக்கு அழைத்தார். போன் அணைக்கப்பட்டிருந்தது. மட்சுக்கு முன் எல்லாருடைய போனையும் மிஸ் ஹார்ட்லி ஒரு பையில் வாங்கி வைத்துவிடுவார். பள்ளிக்கு அழைத்தார், திங்கட்கிழமை காலையில் அலுவலகம் திறக்கும் என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொன்னது. மிச்சம் இருந்தது லக்ரோஸ் தாய்மாரின் வட்ஸ்அப் குழு. அதில் அவர் அதுவரை ஒரு சொல்லும் எழுதியதில்லை.

டிஸ்ட்ரிக்ட் லைன் பெட்டியில் ஓர் ஓரத்தில் நின்றபடி எழுதினார், அழித்தார். மந்திரத் தகடு என்பதை இந்தப் பெண்களுக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் ஆங்கிலத்தில், "தயவுசெய்து தக்ஷிகாவின் ஹெல்மெட்டைப் பாருங்கள்" என்று மட்டும் அனுப்பினார். ரயில் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. விக்டோரியாவில் மேலே வந்ததும் பதில்கள் கொட்டின. ஓர் இதயம். மூன்று கைதட்டல். "ஆமாம், அவள் ஹெல்மெட்டில் அட்டகாசமாக இருக்கிறாள்!" என்று ஒரு தாய், கோலுக்கு முன் தக்ஷிகா நிற்கும் படத்தோடு. மட்ச் தொடங்கியிருந்தது.

அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கினார். ஹெல்மெட்டின் இடப் பக்கம் கறுப்பாக, ஒழுங்காக, ஒன்றும் தெரியாமல் இருந்தது.

சட்டன் ரயிலில் ஏறிக் கணவரை அழைத்தார். அவர் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். பின்னணியில் ட்ரில் சத்தம்.

"இஞ்சேருங்கோ. பிள்ளையின்ரை ஹெல்மெட்டுக்குள்ளை நான் தகட்டை வைச்சுத் தைச்சுப்போட்டன்."

"எந்தத் தகட்டை?"

"ஹார்லெம் ஐயர் தந்ததை."

"அட, நல்லதுதானே! எனக்கும் ஒண்டு வானுக்குள்ளை தைச்சு விடும், கவுன்சில்காரன் பாக்கிங் டிக்கெட் ஒட்டாமல் இருக்க."

"பகிடி விடாதையுங்கோ. பந்து அந்த இடத்திலை பட்டால் தகடு தலைக்குள்ளை போகும். டொக்டர் சொன்னவ. ஒரு பிள்ளைக்குக் கிளிப் போயிருக்கு."

ட்ரில் சத்தம் நின்றது.

"நான் வானை எடுக்கிறன்."

"நீங்கள் அங்கையிருந்து வாறதுக்குள்ளை மட்ச் முடிஞ்சிடும்."

"அப்ப ஓடுமப்பா" என்றார் அவர். குரல் வேறாக இருந்தது. "ரயில் நிண்ட உடனை ஓடும்."

ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்றது. றொசாந்தி சாவகச்சேரியில் வளர்ந்தவர். பதினான்கு வயதில், தன்னோடு படித்த ஒருத்தி பதுங்கு குழியின் வாசலில் உட்கார்ந்தபடியே சரிந்ததைப் பார்த்தவர். இரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. ஷெல் சிதறியதில் வந்த இரும்பு. விரல் நகத்தளவு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அதை அவர் லண்டனில் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லும் தேவையும் வரவில்லை. இப்போது பாலம் பேரிரைச்சலோடு கடந்து போகையில், விரல் நகத்தளவு என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. தகடு அதைவிடப் பெரியது. நாலு மூலை. ஐயர் வெட்டிய மூலைகளை மழுக்கக்கூட இல்லை.

தெய்வத்தைக் கும்பிடலாம் என்று கண்ணை மூடினார். எந்தத் தெய்வத்தை எதிலிருந்து காப்பாற்றச் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்துவிட்டார்.

சட்டனில் இறங்கி, ஒரு டாக்சியைப் பிடித்து, பள்ளிக் கேற்றடியில் குதித்தபோது அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஜாக்கெட் பையில். மைதானத்தின் ஓரத்தில் கோப்பிக் கிண்ணங்களோடு பெற்றோர் நின்றார்கள். இரண்டு நாய்கள். ஒரு தாய் கையசைத்தார்: இதயம் அனுப்பியவராக இருக்கலாம்.

தூரத்துக் கோலில், மார்புக் கவசத்துக்குள் பெருத்துத் தெரிந்தவள் தக்ஷிகா. அவளை நோக்கி மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வந்தவள் குச்சியைத் தோளுக்குப் பின்னால் இழுத்தாள். மஞ்சள் பந்து புறப்பட்டதை றொசாந்தி பார்க்கவில்லை, அது போய்ச் சேர்ந்ததைத்தான் பார்த்தார். தக்ஷிகாவின் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், அவளுடைய குச்சியின் வலைக்குள் அது இருந்தது.

பெற்றோர் கத்தி ஆரவாரம் செய்தார்கள். றொசாந்தி வெள்ளைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார்.

விசில் ஊதியது. மறுபடியும் ஊதியது. யாரோ, "மன்னிக்கணும், அங்கே போகக் கூடாது!" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். நாய் ஒன்று குரைத்தது. இரண்டு அணிப் பெண்களும் குச்சிகளைத் தாழ்த்தி, கழுத்தில் அளவு நாடாவோடு சேற்றில் சறுக்கி வரும் பெண்ணைப் பார்த்தார்கள்.

"அம்மா!" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தக்ஷிகாவின் குரல். "ஓ மை கோட். என்ன செய்யுறீங்கள்? எல்லாரும் பாக்கினம்!"

"ஹெல்மெட்டைக் கழட்டு."

"வட்?"

"கழட்டு எண்டு சொல்லுறன், பிள்ளை!"

தக்ஷிகா கழற்றினாள். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. றொசாந்தி ஹெல்மெட்டைப் புரட்டி, கண்ணால் தேடாமல், விரலாலேயே அந்தத் தையலைக் கண்டுபிடித்தார். கத்தரி நுனியை விட்டார். இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் நூல் அறுந்தது. மெத்தைக்குள்ளிருந்து செப்புத் தகடு நழுவி அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. அது நேராக இருக்கவில்லை. தலையின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்திருந்தது.

மிஸ் ஹார்ட்லி வந்துவிட்டார். தகட்டைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார்.

றொசாந்தி மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் வெட்கம் இருந்தது, கோபம் இருந்தது. ஆச்சரியத்தைக் காணவில்லை.

"உனக்குத் தெரியுமோ?"

"ஒக்டோபரிலயிருந்து தெரியும்." தக்ஷிகா இடது காதுக்கு மேலே தொட்டுக் காட்டினாள். முடியை விலக்கியபோது அங்கே பழுத்த நாவல்பழ நிறத்தில் ஒரு கண்டல் காயம். "இதிலை இடிக்கும்."

"பின்னை ஏன் எடுக்கேல்லை? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

தக்ஷிகா சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். வழக்கமாக வீட்டிலும் பாதி ஆங்கிலத்தில் பேசுகிறவள், இப்போது ஒவ்வொரு சொல்லையும் தமிழில் தேடி எடுத்தாள், அவர்களுக்கு விளங்கக் கூடாதென்று.

"எனக்குப் பயம், அம்மா. ஒவ்வொரு மட்சுக்கும் பயம். அங்கை பேஸ்போலிலை பந்து எங்கையிருந்து வரும் எண்டு தெரியும். ஒராள்தான் எறிவா. இதிலை எல்லாப் பக்கத்தாலும் வரும். மிஸ்ஸுக்குச் சொல்ல ஏலாது. உங்களுக்குச் சொன்னால் நிப்பாட்டிப் போடுவீங்கள். இது உள்ளுக்கை இருந்தால் கொஞ்சம் குறையும். அதுதான் வைச்சிருந்தனான்."

ஒரு வருடமாக, பயமில்லாத பிள்ளை என்று றொசாந்தி ஊருக்கெல்லாம் சொன்ன பிள்ளை.

மிஸ் ஹார்ட்லி அமைதியாகப் பேசினார். பிரித்த ஹெல்மெட்டை இனிப் பாவிக்க முடியாது. எதிரணிப் பள்ளியிடம் மேலதிக ஹெல்மெட் ஒன்று இருக்கிறது. தக்ஷிகா விரும்பினால் தொடரலாம். விரும்பாவிட்டால் இத்தோடு நிறுத்தலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். தகட்டைப் பற்றித் திங்கட்கிழமை பேசுவோம்.

"ஏலுமோ, பிள்ளை?" என்று றொசாந்தி கேட்டார்.

"தெரியாது."

"ஏலாட்டி வா. வீட்டை போவம். அப்பா வானிலை வாறார்."

தக்ஷிகா கோலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாயை.

"நீங்கள் நிப்பீங்களோ? போன முறை மாதிரி டொய்லெட்டுக்குப் போகாமல்?"

அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நிப்பன்."

"பிரொமிஸ்?"

"நிப்பன் எண்டு சொல்லுறன்."

இரவல் ஹெல்மெட் வெள்ளை நிறம். றொசாந்தி அதன் உட்புறம் முழுவதையும் விரலால் அழுத்திப் பார்த்த பிறகே மகளின் தலையில் வைத்தார். நாடியின் கீழே பட்டியை அவரே பூட்டினார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். அவர் கவலைப்படவில்லை.

கோட்டுக்கு வெளியே வந்தார். இதயம் அனுப்பிய தாய் ஒரு கோப்பிக் கிண்ணத்தை நீட்டினார், வாங்கினார், குடிக்கவில்லை. போன் அதிர்ந்தது. பாமா: "இன்னும் கடைலதான் இருக்கேன். ஊசியை நானே எடுத்துட்டேன். ஒரு அம்மா பிளவுஸ் கேட்டு வந்தாங்க, செவ்வாய்க்கிழமைன்னு சொல்லிட்டேன். குழந்தை எப்படி இருக்கா?" பதில் எழுத விரல் போகவில்லை. கண்ணை மைதானத்திலிருந்து எடுக்க முடியாது. வாக்குக் கொடுத்தாயிற்று.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. நடுவில் ஒரு தள்ளுமுள்ளு, பந்து யாரிடம் என்று தெரியவில்லை, பிறகு தெரிந்தது. வலப் பக்கத்தால் ஒருத்தி ஓடி வந்தாள். இடப் பக்கம் ஒருத்தி குச்சியை உயர்த்திக் காத்திருந்தாள். பந்து இவளிடமிருந்து அவளிடம் போனது. தக்ஷிகா திரும்புவதற்குள் அது அவளை நோக்கி வந்துவிட்டது.

டொக் என்று ஒரு சத்தம். ஹெல்மெட்டின் இடப் பக்கம், காதுக்கு மேலே.

தக்ஷிகாவின் தலை சாய்ந்தது. ஒரு முழங்கால் தரையில் பட்டது. விசில். மிஸ் ஹார்ட்லி ஓடினார். றொசாந்தி இந்தத் தடவை ஓடவில்லை. கையிலிருந்த தகட்டை இறுக்கிப் பிடித்ததில் அதன் மூலை உள்ளங்கையைக் குத்தியது. மழுக்காத மூலை. கண்ணை மட்டும் அவர் மூடவில்லை.

மிஸ் ஹார்ட்லி குனிந்து ஏதோ கேட்டார். விரல்களைக் காட்டினார். வெள்ளை ஹெல்மெட் மேலும் கீழும் அசைந்தது. பிறகு தக்ஷிகா எழுந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குள் தேடி, தாய் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள். கையசைக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நின்றாள்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். மட்ச் முடிய இன்னும் நேரம் இருந்தது.